அப்பாவின் கடல்

அப்பா பாம்பன் பாலத்தில் கீமேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு பேச்சே குறைந்துவிட்டது. அவருக்காகத்தான் மேஜை மேல் பாம்பனைக் கட்ட ஆரம்பித்தேன். 2 கிலோமீட்டர் பாலத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 23 மீட்டர் வரும்; எங்கள் வீடு தாங்காது! தூக்குப் பாலமும் பத்துத் தூண்களும் போதும் என்று முடிவு செய்தேன்.

பாலம் சுலபம். தண்ணீர்தான் படுத்தியது. எபாக்ஸி ரெசினை ஒரே தடவையில் ஊற்றினேன். சூடேறி, குமிழி தட்டி, விரிசல் விட்டது. சுரண்டி எடுக்கவே ஒரு ஞாயிறு போனது. அடுத்த முறை முதலில் அடியில் வண்ணம்: கரையோரம் மணல் கலந்த பச்சை, நடுவே கருநீலம். மேலே 3 மில்லிமீட்டருக்கு ரெசின்; அது இறுகிய பிறகே அடுத்தது. குமிழிகளுக்கு மனைவியின் ஹேர் டிரையர். (இன்னும் அவளுக்குத் தெரியாது.)

கண்ணாடி மாதிரி மின்னியது. அப்பா குனிந்து பார்த்தார்.

"கடலாடா இது? குளம்! தென்காத்து அடிக்கிறப்ப மன்னார் பக்கம் அலை தூணுல மோதி நுரைக்கும். வடக்கால தண்ணி சும்மா கெடக்கும்."

அக்ரிலிக் ஜெல்லையும் பிரஷ்ஷையும் நீட்டினேன். தெற்குப் பக்கம் மட்டும் அலை எழுப்பி, நுனியில் வெள்ளை தொட்டு வைத்தார். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கதை.

இன்னும் நான்கு தூண் பாக்கி.