மூக்கை மிதிக்காதீய

புன்னைக்காயலில், தாமிரபரணி கடலைத் தொடும் இடத்தில், வள்ளத்திலிருந்து இறங்கி இரண்டு எட்டு வைத்ததுமே இடது கால் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. குனிந்து துழாவினேன். அழுகிய முட்டை வாடை குப்பென்று எழுந்தது.

"பாத்து, தம்பி. மூக்கை மிதிச்சிராதீய" என்றார் கூட வந்த அண்ணாச்சி. பல வருஷம் சங்கு குளித்தவர். அவர் சொன்ன மூக்கு, கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நின்ற வேர்கள்.

அந்தச் சேற்றில் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அது இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு பிழைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கழிக்கின்றன. வாடையும் அதுதான், வேருக்கு நஞ்சும் அதுதான். அதனால்தான் வேர் மேலே வருகிறது. நிமிர்ந்த வேரின் தோலில் நுண்துளைகள். உள்ளே காற்றறைகள் நிறைந்த பஞ்சுத் திசு. நீர் ஏறித் துளைகள் மூழ்கியதும், உள்ளிருக்கும் ஆக்சிஜனை வேர் செலவழிக்கிறது. வெளியாகும் கரியமில வாயு நீரில் கரைந்துபோக, உள்ளே அழுத்தம் இறங்குகிறது. நீர் வற்றித் துளை திறந்ததும் காற்று தானே பாய்கிறது. ஓதத்துக்கு ஒரு மூச்சு.

1955-இல் ஷோலாண்டர் என்ற ஆய்வாளரும் சகாக்களும், இதேபோல் சேற்றில் நிற்கும் சுரபுன்னை இனத்து மரமொன்றின் வேர்த்துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் சரிந்தது. துறைமுகத்து ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். நீரில் மிதந்து வரும் எண்ணெய்ப் படலமும் அந்தக் கிரீஸின் வேலையைத்தான் செய்யும்.

அண்ணாச்சி எதற்கும் வியக்கவில்லை. அவர் அப்பா காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் முத்துப்பாருக்கு இறங்கினார்கள். மேலே கயிறு பிடித்தது மச்சான். 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றது. இவர் சங்குக்கு இறங்கியது, காம்பிரசர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு.

"சரி, தாழைக்கு ஏது மூக்கு?" என்று கேட்டார். வான்தீவுப் பக்கம் கடலடியில் அவர் கையால் விலக்கிய கடல்தாழை என்னும் கடற்புல்லைத்தான் சொன்னார். அதற்கு இலைதான் மூக்கு. பகலில் இலை தயாரிக்கும் ஆக்சிஜன் உள்குழல் வழியே வேருக்கு இறங்குகிறது. இரவில், சுற்றியுள்ள நீரில் கரைந்திருப்பதை நம்பித்தான் பிழைப்பு. நீர் கலங்கி வெளிச்சம் குறைந்தாலோ, கோடையில் நீர் சூடேறினாலோ வரும்படி போதாது. நஞ்சு வேர்வழியே உள்ளே புகும்.

பேசிக்கொண்டே கத்தியால் சேற்றைக் கீறினேன். கருஞ்சேற்றுக்குள் சல்லிவேரை ஒட்டி மட்டும் துருநிறம். வேர்நுனியில் கசியும் ஆக்சிஜன், சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி, சல்ஃபைடின் நஞ்சையும் முறிக்கிறது. தாழையும் இப்படித்தான் கசிகிறது. மெல்லியதொரு வளையம், அவ்வளவுதான் வேரின் பாதுகாப்பு.

அண்ணாச்சி அந்தத் துருவை விரலால் தேய்த்துப் பார்த்தார். "குழாய்ல ஓட்டை விழுந்தா எங்க உசுரு போயிரும். இதுக்கு ஓட்டையாலதான் உசுரா?"

செருப்பு கிடைக்கவில்லை. வேர்களுக்கு நடுவே இடம் பார்த்துக் கால் வைத்து, ஒற்றைச் செருப்போடு வள்ளத்துக்குத் திரும்பினேன்.