குட்டைத் தொட்டி வண்டியும் குதிரை டிரெய்லரும்

ஷையன், வயோமிங்

அன்புமிக்க நண்பருக்கு,

ஊர்களின் வர்ணனையைப் புத்தகங்களில் படித்துக்கொள்வதாகவும், இத்தேசத்தார் பாரத்தை எப்படி இழுக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்து எழுதும்படியும் தாங்கள் பணித்திருந்தீர்கள். வாழ்நாளெல்லாம் டிரெய்லர் லாரிகளோடு பழகிய நாமக்கல்காரர் வேறு எதைக் கேட்கப்போகிறார்! சாராடோகா என்னும் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த சிற்றூரிலிருந்து, 1897-இல் தொடங்கி, இப்போது ஜூலை மாதக் கடைசியில் நடந்துவரும் ரோடியோத் திருவிழாவுக்காக, இந்த ஷையன் நகருக்கு இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்த ஓர் அம்மையாரின் வண்டியில் எனக்கும் இடம் கிடைத்தபடியால், தங்கள் கட்டளையை நிறைவேற்றுவது எளிதாயிற்று.

தங்கள் லாரிகளில் டிரெய்லரின் கிங் பின், இழுக்கும் வண்டியின் முதுகிலுள்ள தட்டில் வந்து அமர்கிறதல்லவா? இங்கே குதிரைக்காரர்கள் பெரிதும் விரும்பும் கூஸ்நெக் டிரெய்லரில் தட்டும் இல்லை, பின்னும் இல்லை. பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலோ சிறிது முன்னாலோ, 2 5/16 அங்குலக் குறுக்களவுள்ள எஃகுக் குண்டு ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். டிரெய்லரின் முன்புறத்திலிருந்து நீண்டு வளைந்து இறங்கும் கழுத்தின் நுனியிலுள்ள கப்ளர் அக்குண்டின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் தன் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் மேல் வைக்கும்; இதுவோ 20 முதல் 25 சதவீதம் வரை வைக்கும். அவ்வளவு பாரமும் பின் அச்சின் மேலேயே இறங்குவதால், காற்றடித்தாலும் லாரிகள் உரசிக்கொண்டு கடந்தாலும் டிரெய்லர் எளிதில் வாலாட்டுவதில்லை. உயிருள்ள பாரம் காலை மாற்றி வைக்கும், தலையை உதறும், சமயத்தில் உதைக்கவும் செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால், குதிரைக்காரர்கள் இதன்மேல் வைத்திருக்கும் பிரியம் நியாயமானதே என்று தங்களுக்கே தோன்றும்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பழைய நாளில் இங்கே பண்ணைக்கென்று வாங்கிய பிக்கப்பின் தொட்டி 8 அடி நீளம் இருந்தது. இன்று பண்ணைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்கும், கடைவீதிக்கும் ஒரே வண்டி போதும் என்ற எண்ணம் பரவியதால், கேபின் நாலு கதவுகளோடு நீண்டு, தொட்டி ஆறரை அடியாகவும் ஐந்தரை அடியாகவும் சுருங்கிவிட்டது. தொட்டி சுருங்கும்போது குண்டுக்கும் கேபினின் பின் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியும் சுருங்குகிறது. 8 அடித் தொட்டியில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து அங்குலமிருக்கும் அந்த இடைவெளி, ஆறரை அடித் தொட்டியில் ஏறத்தாழ 40 அங்குலம்தான். நேரே போகும்போது இதனால் ஒரு தோஷமும் இல்லை. வண்டியை மடக்கித் திருப்பும்போது, அதிலும் நெருக்கமான முற்றத்தில் பின்னால் தள்ளும்போது, டிரெய்லரின் மூக்கு குண்டை மையமாகக் கொண்டு சுழன்று கேபினை நோக்கி வருகிறது. டிரெய்லர் 8 அடி அகலமானால் அதன் பாதி 48 அங்குலம். இருக்கிற இடமோ 40. கண்ணாடி உடைவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அம்மையாருடைய வண்டியின் தொட்டி ஆறரை அடிதான். ஆனால் அவருடைய டிரெய்லர், இரண்டு குதிரைகளைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தும் ஆறடி அகல டிரெய்லர். பாதி அகலம் 36 அங்குலம். அப்படியானால் நாலு அங்குலம் மிச்சம் என்று கணக்குப் போட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது. மூக்கு சதுரமாக இருந்து, குண்டைத் தாண்டி ஒன்றரை அடி முன்னால் நீண்டுமிருக்குமானால், குண்டிலிருந்து அதன் மூலை வரையுள்ள தூரம் 40 அங்குலத்தைச் சற்றே கடந்துவிடுகிறது. செங்கோணத்தில் தப்பிய கண்ணாடி, அதற்கு முந்திய கோணத்தில் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவேதான் குட்டைத் தொட்டிக்காரர்கள் இரு மூலைகளையும் சாய்வாகச் செதுக்கியது போன்ற மூக்குள்ள டிரெய்லரையே தேடி வாங்குகிறார்கள். அம்மையாருடையதும் அத்தகையதே. வேறு உபாயங்களும் உண்டு. குண்டைச் சில அங்குலம் பின்னால் தள்ளி வைக்கலாம். ஆனால் குண்டு அச்சுக்குப் பின்னால் போய்விட்டால் முன் சக்கரங்களின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். கழுத்தின் அடியில் முன்புறம் சாய்ந்த கப்ளரை மாட்டி டிரெய்லரையே பின்னுக்குத் தள்ளலாம். அதனால் கழுத்துச் சட்டத்தின் மேல் விழும் திருகல் அதிகமாகும். மூக்கைச் செதுக்குவதே இவற்றுள் உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இடைவெளியைப் பற்றியே பேசுகிறவர்கள் பாரத்தை மறந்துவிடுகிறார்கள் என்று அம்மையார் குறைப்பட்டுக்கொண்டார். ஐந்தரை அடித் தொட்டி பெரும்பாலும் சிறு தர பிக்கப்புகளிலேதான் வருகிறது; அவற்றில் பல தம் முதுகில் தாங்கக்கூடியது 1,500 முதல் 2,000 ராத்தல் வரைதான். 10,000 ராத்தல் டிரெய்லர் குண்டின் மேல் வைக்கும் பாரமே 2,000 முதல் 2,500 ராத்தல் ஆகிவிடும்போது, கண்ணாடி தப்பினாலும் ஸ்பிரிங்கும் டயரும் தப்புவதெப்படி?

புறப்படுவதற்கு முன் அவர் டிரெய்லரை மாட்டிய முறையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் தொட்டியின் பின் பலகையை இறக்கினார். அதை மறந்து பின்னால் தள்ளியவர்களின் பலகைகள் இந்தப் பிரதேசத்தில் எத்தனையோ நசுங்கியிருக்கின்றனவாம். பிறகு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்து, கப்ளருக்கு நேர் கீழே குண்டு வந்ததும் இறங்கி, டிரெய்லரின் ஜாக்கியைச் சுழற்றிக் கழுத்தை இறக்கிப் பூட்டினார். பூட்டிய பிறகு அவர் செய்த காரியந்தான் என்னைக் கவர்ந்தது: இறக்கிய ஜாக்கியையே மறுபடி எதிர்ப்புறமாகச் சுழற்றிக் கழுத்தை உயர்த்தினார், கழுத்தோடு சேர்ந்து பிக்கப்பின் பின்பாகமும் ஸ்பிரிங்கில் மெல்ல எழும்புவதைக் கண்ணால் கண்ட பிறகே, பூட்டு உண்மையாகப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதன்பின் இரண்டு சங்கிலிகளைத் தொட்டியின் வளையங்களில் மாட்டி, டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் கம்பியையும் தனியே மாட்டி, விளக்குக்கும் மின்சார பிரேக்குக்குமான பிளக்கைச் செருகினார். தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையே ஆறு அங்குலமாவது இருக்கிறதா என்று கையை விட்டு அளந்து பார்த்தார். உயரமான பிக்கப்புகளில் இந்த இடம் குறுகி, மேடுபள்ளத்தில் தகரத்தோடு தகரம் மோதிவிடும்.

குதிரைகளில் கனமானது இடப்பக்கம் நின்றது. இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். சாலை நடுவில் உயர்ந்து வலது ஓரத்துக்குச் சரிகிறபடியால், பாரம் மேட்டுப் பக்கம் இருப்பதே நன்று. தலைக்கயிற்றை மிக உயரமாகவும் இறுக்கமாகவும் கட்டிவிட்டால், குதிரை தலையைத் தாழ்த்திச் சுவாசக் குழாயைச் சுத்தம் செய்துகொள்ள முடியாமல் நுரையீரல் நோய்க்கு ஆளாகும் என்று அவர் சொன்னதையும், கயிற்றைத் தளர்வாகவே கட்டியதையும் குறித்து வைத்திருக்கிறேன். இலத்தி படிந்த கையோடு அவர் காட்டிய காகிதக் கத்தையில், குதிரைகளின் சூட்டு முத்திரையைச் சரிபார்க்கும் சோதகரின் சீட்டும், 1970-இல் கார்னல் பல்கலைக்கழகத்து மருத்துவர் லெராய் காகின்ஸ் கண்டுபிடித்த இரத்தச் சோதனையின் சான்றும் இருந்தன. குதிரைக்கு இத்தேசத்தில் நம்மைவிடக் காகிதங்கள் அதிகம்.

வால்காட் சந்திப்பில் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறினோம். ரயில் பாதையும் பழைய சாலையும் வடக்கே மெடிசின் போ வழியாகச் சுற்றிப் போக, எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டி 1970-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலையை அமைக்க வேண்டாம், காற்றும் பனியும் பொல்லாதவை என்று உள்ளூர்வாசிகள் எச்சரித்தும் பொறியாளர்கள் கேட்கவில்லையாம். நாங்கள் வந்தது கோடை, பனியில்லை. காற்று மட்டும் இருந்தது. 75 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட அச்சாலையில் அம்மையார் 65-ஐத் தாண்டவில்லை. பல டிரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கே செய்யப்படுகின்றன. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்: டிரெய்லர் ஒரு கோட்டில் நிமிர்ந்து வந்துகொண்டிருந்தது.

லாரமியில் பெட்ரோல் போட நுழைந்தபோதுதான் குட்டைத் தொட்டியின் குணம் பிரத்தியட்சமாயிற்று. பம்புகளுக்கு நடுவே இருந்த வளைவில், டிரெய்லரின் சக்கரங்கள் பிக்கப்பின் தடத்துக்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதை அறிந்து, அவர் முதலில் நேரே நெடுந்தூரம் போய், பிறகே திருப்பினார். கேபினின் பின் கண்ணாடி வழியே நான் பார்த்துக்கொண்டிருக்கையில் செதுக்கிய மூக்கு மெல்ல நெருங்கி வந்து, ஒரு சாண் தூரம் கூட இல்லாத இடத்தில் கண்ணாடியைத் தொடாமல் கடந்து போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதிதாக டிரெய்லர் வாங்கிய அன்றைக்கே, காலி மைதானத்தில் ஒருவரை வெளியே நிறுத்தி, அங்குலம் அங்குலமாக மடக்கிப் பார்த்து, எந்தக் கோணம் வரை போகலாம் என்று தெரிந்துகொண்டதாகவும், அதற்குப் பின் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லையென்றும் சொன்னார்.

லாரமியைத் தாண்டி, சாலை 8,640 அடி உயரத்துக்கு ஏறுகிறது. 80-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே மிக உயர்ந்த இடம் அதுதான். ராபர்ட் ருஸின் 1959-இல் வடித்த பிரம்மாண்டமான லிங்கன் தலை அங்கே கற்கம்பத்தின் மேல் இருந்தபடி சாலையைக் குனிந்து பார்க்கிறது. அங்கே நிறுத்திக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினோம். அப்பால் ஷையன் வரை இறக்கம்.

திருவிழாத் திடலின் கொட்டகை வரிசையில் டிரெய்லரைப் பின்னால் தள்ளுகையில், அவர் கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்துக்கொண்டார். கை எந்தப் பக்கம் போகிறதோ, டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும். இருமுறை முன்னால் எடுத்து நேராக்கினார். ஒரே தடவையில் மடக்கி முடிக்க வேண்டுமென்ற பிடிவாதம் அவரிடம் இல்லை.

தாங்கள் கேட்டால் என் தீர்ப்பு இது: குதிரை டிரெய்லரை இழுப்பதற்கென்றே புதிதாக வண்டி வாங்குகிறவன் 8 அடித் தொட்டியை விட்டு வேறொன்றை வாங்கலாகாது, குட்டைத் தொட்டி வண்டி முன்பே வீட்டில் இருக்குமானால், அதை விற்க வேண்டாம், அளவுகோலோடு போய் மூக்கைச் செதுக்கிய டிரெய்லராகப் பார்த்து வாங்கினால் போதும். தங்கள் லாரிகளில் கிங் பின்னுக்கும் கேபினுக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுகிறீர்கள் என்பதை மறுதபாலில் தெரிவியுங்கள். அம்மையார் ஆவலோடு கேட்டிருக்கிறார்.

தங்கள் அன்புள்ள நண்பன்