குளிராத மூலை

சுபாங்கில் ஒரு விமானப் பராமரிப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு திருகாணிகூடச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது. எந்தப் பாகம், எந்த எண், எப்போது மாற்றுவது, எல்லாமே கையேட்டில் இருக்கும். நான் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, சரிபார்த்துக் கையெழுத்திடுகிறேன். அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள்மேல் எனக்குப் பொறாமை. அவர்களில் சிலர் மஸ்டாவின் 13பி சுழல் எஞ்சினை வைத்துப் பறக்கிறார்கள். நம்மூர் ரோட்டில் ராத்திரி அலறிக்கொண்டு போகுமே ஆர்எக்ஸ்-7, அதே எஞ்சின்தான்.

அதற்கு எந்த ஸ்பார்க் பிளக் போடுவது?

சாதாரண எஞ்சினில், தீ எரிந்த அதே அறைக்குள்தான் அடுத்துக் குளிர்ந்த காற்றும் பெட்ரோலும் நுழையும். பிளக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். சுழல் எஞ்சினில் காற்று நுழைவது ஒரு பக்கம், எரிவது எப்போதும் மறுபக்கம். பிளக் இருப்பதோ எரிகிற பக்கத்தில். தண்டு நிமிடத்துக்கு 6000 சுற்றினால் ஒவ்வொரு சுழலிக்கும் 6000 முறை தீ. நான்கு வீச்சு எஞ்சினின் ஒரு சிலிண்டரில் அதில் பாதிதான்.

ஆகவே வெப்பத்தைச் சீக்கிரம் கடத்திவிடும் ‘குளிர்’ பிளக் வேண்டும். என்ஜிகே கணக்கில் 7ஐவிட 9 குளிர்ச்சியானது. காரை யாரும் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்து ஓட்டுவதில்லை. விமானம் அப்படித்தான் பறக்கும். பிளக்கின் மூக்கு 800 பாகையைத் தாண்டினால், பொறி வருவதற்கு முன்பே அதுவே தீ வைத்துவிடும்.

அப்ப 9ஐயே போட்டுடலாமா? விமான பெட்ரோலான 100எல்எல்லில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். மூக்கின் சூடு 450 பாகைக்குக் கீழே இறங்கினால் கரி எரியாமல் ஒட்டிக்கொள்ளும்; ஈயமும் படியும். தரையில் ஊர்ந்து போகும்போதும், பலத்தைக் குறைத்துத் தரையிறங்க வரும்போதும் குளிர் பிளக்கிற்கு இந்த ஆபத்து அதிகம். திடீரென மறுபடி மேலே ஏற வேண்டிய நேரத்தில் பொறி வராமல் போகலாம்.

ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு பிளக் உண்டுதான். ஆனால் இரண்டும் சமமில்லை. பின்பிளக் செத்தால் பலம் கொஞ்சம்தான் குறையும். முன்பிளக் செத்தால் நன்றாகவே தெரியும்.

அப்பா தன் கப்சாயின் பிளக்கைக் கழற்றி மூக்கைப் பார்த்தே அதன் உடம்பைச் சொல்வார். “கருப்பா இருந்தா எண்ண ஜாஸ்தி ஐயா. வெள்ளையா இருந்தா சூடு ஜாஸ்தி. காப்பிக் கலர்ல இருக்கணும்.” விமானம் கட்டுகிறவர்களும் கடைசியில் அதையேதான் செய்கிறார்கள். ஓர் எண்ணைப் போட்டுப் பறக்கிறார்கள், இறங்கிக் கழற்றிப் பார்க்கிறார்கள். கணிப்பு தப்பினால் அந்த இருக்கையில் இருப்பதும் அவர்கள்தான்.

எங்கள் கூடத்தில் அப்படிச் செய்யக் கூடாது, செய்யவும் வேண்டாம். டிக்கெட் வாங்கி ஏறுகிறவர்கள் என் கணிப்பை நம்பி ஏறவில்லை. ஆனால் கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் எதையோ கழற்றிப் பார்த்திருக்கிறார் என்பது இப்போது உறைக்கிறது.

“அண்ணே, ஏன் இந்த எண்?” என்று மூத்தவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

“புக்குல இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்பார். மூன்றாவது முறை கேட்டபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் பக்கத்தைப் புரட்டினார்.