பாதாம் பொடி யாருக்கு?

கடையில் பாதாம் பொடிப் புட்டியைக் கையில் எடுக்கும் சகோதரிகள், முன்புறத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. எடையில் மிகுந்த பொருளை முதலிலும், குறைந்ததை அடுத்தடுத்தும் எழுத வேண்டும் என்பது சட்டம். பல புட்டிகளில் முதலில் நிற்பது சர்க்கரை. பாதாம் அதன் பின்னால்தான் வருகிறது. இத்தகைய பொடியைப் பாதாம் மணக்கும் சர்க்கரை என்று அழைப்பதே பொருத்தம்.

நம் இல்லத்தில் இப்பொடியை நாமே செய்துகொள்கிறோம். செய்முறை உம்மாவுடையது. அவர்களுக்குக் கைதான் தராசு. எண்பது வயதைக் கடந்து, அடுப்படிக்கு வருவது இயலாமற்போன பின்பு, கட்டிலருகே தட்டுகளை வைத்து, அவர்கள் அள்ளிப் போட்டதையெல்லாம் நிறுத்துக் குறித்துக்கொண்டோம். பாதாம் 200 கிராம், பிஸ்தா 50 கிராம், கற்கண்டு 100 கிராம், ஏலக்காய் 20, மிளகு 15, குங்குமப்பூ அரைக் கிராம், சாதிக்காய் ஒன்றில் கால் பங்கு. சாதிக்காய் அளவு மீறினால் உடலுக்கு ஆகாது. முந்திரி பாலைக் கொழகொழப்பாக்கி ஏலத்தின் மணத்தை அமுக்கிவிடும் என்பது உம்மாவின் கட்சி. நாமும் அக்கட்சியே.

பாதாமைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உரித்த பருப்பைத் துடைத்து, துணியில் பரப்பி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் எஞ்சினால் பொடி பூசணம் பிடிக்கும். இவ்வேலையில் பொறுமை வேண்டிய இடம் இதுதான். பின்னர் வெறும் வாணலியில், நிறம் மாறாதபடி, பிஸ்தாவையும் சேர்த்து இளஞ்சூட்டில் வறுத்து முற்றிலும் ஆறவிட வேண்டும். பாதாமின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். சூட்டோடு அரைத்தாலும், நிறுத்தாமல் அரைத்தாலும் அது கசிந்து பொடி களியாகிவிடும். ஆகையால் கற்கண்டோடு சேர்த்து, விட்டுவிட்டு அரைத்துச் சலிக்கிறோம். கசக்கும் பாதாம் ஒன்று அகப்பட்டாலும் எறிந்துவிட வேண்டும். அதில் நஞ்சு உண்டு. பருப்பு ஒவ்வாதோர் இப்பொடியைத் தொடவே கூடாது.

குங்குமப்பூவைப் பற்றி ஒரு வார்த்தை. காஷ்மீரத்துப் பாம்பூரில் விளையும் அம்மலர் ஒவ்வொன்றிலும் செந்நிற இழை மூன்றுதான். அதையும் கையால்தான் கிள்ளியெடுக்க வேண்டும். விலையும் அதற்கேற்றதே, போலிகளும் அதனாலேயே. ஓர் இழையை நீரில் இட்டுப் பாருங்கள். நல்ல பூ மெல்ல மெல்ல மஞ்சளை விடும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் நீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம்.

இவ்வளவு செலவும் பாடும் பட்டுச் செய்த பொடியைக் குடித்தவர்கள் யார்? 1970களில் நம் வீட்டில் நோன்பு மாதத்திற்கு முன்னர் ஒரே ஒரு முறை இதனை அரைப்பார்கள். ஸஹரில் வாப்பாவுக்கு ஒரு குவளை. நோன்பு பிடிக்கும் ஆண் பிள்ளைகளுக்கு அரைக் குவளை. பெண் பிள்ளைகளுக்குப் பாதாம் சூடு என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஆண்களுக்கு மட்டும் அது எப்படிக் குளிர்ந்ததோ, அறியோம்! உம்மாவும் நோன்பாளிதான். எல்லோருக்கும் முன்னே எழுந்து உலை வைத்தவர்களும், மாலையில் கஞ்சி காய்ச்சியவர்களும் அவர்களே. பால் காய்ச்சிய சட்டியில் வெந்நீர் ஊற்றி அலசி, அதைக் குடித்துவிட்டு நிய்யத்து வைத்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

அளவு எழுதிய ஆண்டின் நோன்பில் முதற்குவளையை உம்மாவிடம் நீட்டினோம். வயது முதிர்ந்து நோன்பு பிடிக்க இயலாதவர்களாயினும், ஸஹருக்கு அவர்கள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“புள்ளைகளுக்குக் கொடு. எனக்கு எதுக்கு?”

“எல்லாருக்கும் இருக்கு உம்மா. நீங்க குடிச்சாத்தான் மத்தவங்க குடிப்பாங்க.”

குவளை காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றோம். “மிளகு ஒரு பிடி குறைச்சல்” என்றார்கள். 15 மிளகுதான் என்று எழுதி வைத்த தாளைக் காட்டினோம். அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

மருமக்களும் பேத்திகளும் சேர்ந்து அவ்வாண்டு குடித்தவர்கள் ஆறு பேர். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம், ஓர் அரைப்பு 35 குவளைக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பெருநாள் பிறை தெரிவதற்குள் ஐந்து முறைக்கு மேல் அரைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறையிலிருந்து மிளகு 20.