அந்துப்பூச்சி சாகாது, ஆனா வம்சம் குறையும்

'ஹார்மோன் மருந்து'ன்னு கேட்டாலே டவுன்ல இருக்கிற நீங்க பயந்துக்கிறீங்க. பூச்சிக்கு அடிக்கிற ஹார்மோன் மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பட்டுப்புழு வளர்க்கிற எங்களுக்குச் சுலபமா புரியும்.

பட்டுப்புழு கூடு கட்டறதுக்குள்ள நாலு தடவை தோல் உரிக்கும். அந்த நேரத்துல இலையைத் தொடாது, தலையைத் தூக்கிக்கிட்டு அசையாம இருக்கும். 'இப்ப தோலை உரி'ன்னு உள்ள இருந்து உத்தரவு போடறது எக்டைசோன்ங்கிற ஹார்மோன். புழுவெல்லாம் ஒண்ணா கூடு கட்டட்டும்னு கடைசியில இலை மேல தெளிக்கிறோமே சம்பூர்ணா, அது செடியில இருந்து எடுத்த அதே வகைச் சரக்குதான்.

டெபுபெனோசைட், மெத்தாக்ஸிபெனோசைட்னு ரெண்டு பூச்சி மருந்து அந்த ஹார்மோன் மாதிரியே வேஷம் போடும். ஆப்பிள் எங்க பக்கம் விளையாது. ஆனா இந்த மருந்தை நல்லா சோதிச்சுப் பார்த்தது ஆப்பிளைத் துளைக்கிற காட்லிங் அந்துப்பூச்சி மேலதான். மருந்தைத் தின்ன புழு, நேரம் வராமலே தோல் உரிக்கத் தொடங்கும். பழைய தோல் சரியா கழலாது. தின்ன முடியாம செத்துப்போகும்.

வளர்ந்த அந்துப்பூச்சிக்குத் தோலுரிப்பே கிடையாது, அதனால உடனே சாகாது. ஆனா மருந்து அடிச்ச இடத்துல உக்காந்து எந்திரிச்ச பூச்சி முட்டை குறைவா போடுது, போட்டதுலயும் பொரிக்கிறது குறையுதுன்னு அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணினவங்க கண்டாங்க. முட்டை முதிர்றதுலயும் அதே ஹார்மோனுக்கு வேலை இருக்கு.

மரத்தடியில செத்த பூச்சியைப் பார்த்தே பழகின எங்க கண்ணுக்கு இது தெரியாது. 'மருந்து கேக்கலை'ன்னு கடும் விஷத்தைத் தூக்கினா தேனீயும் போச்சு, புழுவைத் தின்கிற நல்ல பூச்சியும் போச்சு. பலனை அடுத்த தலைமுறைப் புழுவுலதான் பார்க்கணும்.

மனுஷன் தோல் உரிக்கிறதில்ல, நம்ம உடம்புல எக்டைசோன் உத்தரவும் இல்ல. அதுக்காக அலட்சியம் கூடாது. இறாலும் நண்டும் உரிக்கிற ஜாதி, அதனால வாய்க்கால்ல கலக்கவே கூடாது. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி ஜாதிதான். மருந்துக்கு ஆப்பிள் புழு எது, பட்டுப்புழு எதுன்னு தெரியாது. காத்துல வேலி தாண்டி மல்பெரி இலையில விழுந்தா கொட்டகைப் புழு அத்தனையும் போயிடும். அதனால பக்கத்துத் தோட்டத்து அண்ணன்கிட்ட, எந்த மருந்து அடிச்சாலும் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு கேட்டு வெச்சிருக்கேன்.