அலுவிகாரையில் ஒரு பிறந்தநாள்: சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள், கண்டிச் சொந்தங்கள் இரு பக்கத்தாரும் ஏ9 வீதியால்தான் வரவேண்டும். பெறாமகளின் ஏழாவது பிறந்தநாளை அலுவிகாரையில் வைத்தது அதனால்தான். மாத்தளையிலிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர். ரயில் மாத்தளையோடு முடிகிறது, மிச்சத்துக்கு ஓட்டோ.

*

நாள் குறிக்கும்போது பார்க்கவேண்டியவை: வெள்ளிக்கிழமை என்றால் அம்மம்மா மரக்கறி. போயா என்றால் இறைச்சிக்கடை பூட்டு, அங்குள்ள குகை விகாரையில் சனம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. தோட்டத்தில் கதிரை போடும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

*

மண்டபம் பார்த்தோம். பலூன், பாட்டுப்பெட்டி, கதிரைக்கு வெள்ளைத் துணி எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. வீட்டில் என்றால் மாமரம், நாய், அடுத்த வீட்டுப் பெடியன் என்று பொழுது தானாகப் போகும். வெளியில் வைக்கும்போது முதலில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை பார்க்கவேண்டும், மண்டபம் பிறகு.

*

அந்த வேலை விகாரையில் கிடைத்தது. வாய்வழியாகக் காத்துவந்த திரிபிடகத்தை, வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், பிக்குகள் ஓலையில் எழுதிய இடம் இது. பஞ்சமும் போரும் வந்து ஓதத் தெரிந்தவர்கள் குறைந்ததால் வந்த முடிவு. இன்றும் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள்: எழுத்தாணியால் கீறுவது, கரி கலந்த எண்ணெய் மையைத் தேய்ப்பது, துடைப்பது. துடைத்த பிறகுதான் எழுத்து தெரியும். பிள்ளைகள் வாய் மூடி நின்றது அந்த நேரம் மட்டும்.

*

"பெரியம்மா, முதல் என்ர பேர்!" எழுதிக் கிடைத்தது சிங்கள எழுத்தில். கண்டி மச்சாள்தான் வாசித்துக் காட்டினாள். அவளுக்கு அன்று பெரிய மவுசு.

*

பிறந்தநாள் தொப்பி, செருப்பு இரண்டையும் விகாரை வாசலில் கழற்றவேண்டும். முழங்கால் மூடிய உடுப்பு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது. குழுப்படத்துக்குப் படிக்கட்டு போதும். நரகத் தண்டனைகளைக் காட்டும் குகைக்குச் சின்னதுகளைக் கூட்டிப்போகாதீர்கள். இரவில் பெற்றோர் தூங்கமுடியாது. மத்தியானம் பாறை சுடும், காலையிலேயே ஏறிவிடுங்கள்.

*

பட்டர் ஐசிங் கேக் கண்டியிலிருந்து வந்து சேர்வதற்குள் உருகிவிடும். வெறும் ரிபன் கேக் தாங்கும். கட்லட், ரோல்ஸ் ஹலால் கடையில் எடுத்தால் எல்லோருக்கும் ஆகும். கூடவே பாற்சோறும் உளுந்து வடையும்.

*

அடுத்து நேரம் கிடைத்தால்: வீதியோர வாசனைத் தோட்டம் ஒன்று. மிளகுக்கொடி, கொக்கோக் காய், சாதிக்காய் எல்லாம் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில். எண்ணெய், தைலம் விற்கும் மேசைக்கு வருமுன் திரும்பிவிடுவது பெரியவர்களின் பணப்பைக்கு நல்லது. ஏனா த சில்வா தொடங்கிய பத்திக் பட்டறையும் இதே ஊரில்தான். முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

*

அழைப்பில் எழுதவேண்டிய ஒரே வரி: பரிசு, யாழ்ப்பாண பஸ்ஸில் மடியில் வைக்கக்கூடிய அளவில் இருக்கட்டும்.