ஒட்டுப்போட்ட 'ஈ'

கொலராடோவில் வளர்ந்த நண்பர் ஒருவர், 1971-இல் தமது பத்தாவது வயதில் கட்டிய மாதிரி ராக்கெட்டைச் சென்ற ஆண்டு எங்களிடம் ஒப்படைத்தார். காகிதக் குழாய், பால்சா மரத் துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்கு. உடலில் இருந்த டெக்கல் எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. "அதே எழுத்துகள் வேண்டும்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

டெக்கல் என்பது பசை பூசிய தாளின்மேல் அச்சிட்ட மெல்லிய படலம். நீரில் நனைத்தால் தாளைவிட்டு நழுவும். அப்படியே இடம் பார்த்து அமர்த்த வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் அது பழுப்பேறி, தொட்டால் அப்பளமாய் நொறுங்குகிறது. வளைந்த உடலைப் படமெடுத்தால் ஓரத்து எழுத்துகள் ஒடுங்கிவிடும் என்பதால், டிரேசிங் தாளைச் சுற்றிப் பென்சிலால் படியெடுத்தோம்.

எங்கள் முதல் ஊகம் ஃபியூச்சுரா. 1927-இல் பால் ரென்னர் வெளியிட்ட எழுத்துரு. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பதும் அதுவே. ஆனால் ஃபியூச்சுராவின் 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். எங்கள் 'ஓ'வோ பழைய தொலைக்காட்சித் திரைபோல, முனை மழுங்கிய சதுரம். அது எங்களை இத்தாலிக்கு அழைத்துச் சென்றது. தூரின் நகரின் நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்தில், அலெஸ்ஸாந்த்ரோ புத்தியும் ஆல்தோ நொவாரேசேயும் 1952-இல் உருவாக்கிய மைக்ரோகிராமா அது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. நொவாரேசே 1962-இல் சிறிய எழுத்துகளும் சேர்த்து அதை யூரோஸ்டைல் ஆக்கினார். எங்கள் ராக்கெட்டில் ஒரு சிறிய எழுத்து இருந்திருந்தால் யூரோஸ்டைல் என்று தீர்ந்திருக்கும். இல்லாததால் மூத்ததையே தேர்ந்தோம்.

அச்சிட்டுக் காட்டினோம். நண்பர் வெகுநேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. ஆனால் இது அதுவல்ல."

வெட்கத்தோடு படிகளுக்குத் திரும்பினோம். மூன்று 'ஈ'க்களில் கடைசியின் கீழ்க்கை மயிரிழை அளவு தாழ்ந்திருந்தது. குழாயின் சுருக்கம் என்றெண்ணி நாங்களே அதை நிமிர்த்திவிட்டிருந்தோம். உருப்பெருக்கியில் பார்த்தபோது அங்கே சுருக்கமோ விரிசலோ இல்லை; படலம் ஒரே பரப்பாக ஓடியது. கோணல் அச்சிலேயே இருந்தது.

1961-இல் லெட்ராசெட் தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்களைக் கொண்டுவந்தது. ஒரு தாளில் ஒவ்வோர் எழுத்தும் எண்ணி வைத்தாற்போல்தான் இருக்கும். 'ஈ' தீர்ந்துபோனால், 'எஃப்'பின் அடியில் 'எல்'லின் பாதத்தை வெட்டி ஒட்டிச் சமாளிப்பது ஓவியர்களின் வழக்கம். இங்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. எந்த எழுத்துருக் கோப்பிலும் இல்லாத அந்த 'ஈ'யைப் படியைப் பார்த்துக் கையால் வரைந்து, மறுபடி அச்சிட்டு ஒட்டினோம்.

நண்பரின் விரல் எழுத்துகளின்மேல் ஊர்ந்து அந்த இடத்தில் நின்றது. ஒட்டுப்போட்ட கதையைச் சொன்னோம். விரிசலில்லாத பழைய துணுக்கையும் காட்டினோம்.

"ஒட்டும்போது என் கை நடுங்கிக் கெடுத்துவிட்டேன் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தேன்" என்றார்.

பிறகு துணுக்கை வாங்கி, மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.